முன் பிரேக் கீச்சிடுகிறதா? ஸ்பேனரை எடுக்கும் முன் காதைக் கொடுங்கள்

காரின் முன் சக்கரத்தில் கீச்சென்று சத்தம் வந்ததும் பலரும் நேரே கடைக்குப் போய்ப் புது பேட் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டான டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பட்டை) வாங்கி மாட்டிவிடுகிறார்கள். சில வண்டிகளில் சத்தம் போய்விடும். பல வண்டிகளில் பத்து நாளில் திரும்பி வந்துவிடும். பேட் புதிதாக இருக்கும், அதைத் தாங்கும் இடம் பழைய துருவோடும் அழுக்கோடும் அப்படியே இருக்கும்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் இன்னொரு விஷயமும் உண்டு. இங்கே ஓடித் தேய்ந்த கார்களோடு, நின்றே கெட்ட கார்களும் ஏராளம். குடும்பம் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கும். கார் ஊர் வீட்டு ஷெட்டில் உறை போர்த்தி நிற்கும். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கல் என்று ஆள் வரும்போதுதான் தெருவைப் பார்க்கும். அப்படி வெளியே வந்த வண்டி கீச்சிட்டால் அதற்குக் காரணம் ஒன்று. தினமும் புதுக்கோட்டைக்குப் போய்வரும் வண்டி கீச்சிட்டால் காரணம் வேறு.

எனவே முதலில் சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று கேளுங்கள். பிரேக் மிதித்தால் வருகிறதா, மிதிக்காமலே வருகிறதா? காலையில் மட்டுமா, நாள் முழுக்கவா? மெதுவாக மிதித்தால் வந்து, அழுத்தி மிதித்தால் நின்றுவிடுகிறதா? எந்தப் பக்கம்?

எந்தப் பக்கம் என்பதைக் கண்டுபிடிக்கச் செட்டிநாட்டில் நல்ல வசதி இருக்கிறது. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டு வாசலுமாக நீளும் வீடுகள் இங்கே. அந்தப் பக்கவாட்டுச் சுவர் ஒன்றை ஒட்டி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஏசியையும் பாட்டையும் நிறுத்திவிட்டு, இருபது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே லேசாக பிரேக்கைத் தொடுங்கள். சுவர் பக்கச் சக்கரம் கத்தினால் சத்தம் சுவரில் பட்டு முகத்துக்கு நேரே திரும்பி வரும். பிறகு வண்டியைத் திருப்பி, மற்றப் பக்கம் சுவரை ஒட்டி வாருங்கள். இரண்டு முறை போய்வந்தால் இடமா வலமா என்பது தெரிந்துவிடும். வெட்டவெளி ரோட்டில் இது லேசில் பிடிபடாது.

சத்தம் ஏன் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால் மற்றதெல்லாம் விளங்கும். பேட் டிஸ்க்கைப் பிடிக்கும்போது ஒரே சீராக வழுக்கிப் போவதில்லை. ஒட்டி, விட்டு, ஒட்டி, விட்டுப் போகிறது. இது விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை நடந்தால் பேட் அதிரும், டிஸ்க்கும் கூடவே ஒலிக்கும். அந்த அதிர்வு தொடங்காமல் பார்ப்பது, தொடங்கினாலும் டிஸ்க்குக்கும், பேடைத் தாங்கி அழுத்தும் காலிப்பருக்கும் பரவாமல் தடுப்பது, இந்த இரண்டுக்குத்தான் கீழே சொல்லும் வைத்தியம் எல்லாம்.

காலையில் முதல் சில மிதியில் மட்டும் கீச், அப்புறம் இல்லை

இது கோளாறு இல்லை. டிஸ்க் வார்ப்பிரும்பு. இரவு மழை பெய்தாலும், வண்டியைக் கழுவி அப்படியே நிறுத்தினாலும், விடிவதற்குள் மேலே காவி நிறத்தில் மெல்லிய துரு படிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் தினமும் இருக்கும். நாலைந்து முறை பிரேக் போட்டால் பேடே அதைத் துடைத்துவிடும். இதற்காக யாராவது பேட் மாற்றச் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

வண்டியைக் கழுவியதும் ஷெட்டில் விடாமல், தெருவை ஒரு சுற்றுச் சுற்றி நாலு முறை பிரேக் பிடித்துவிட்டு நிறுத்தினால் இந்தச் சத்தமும் பாதி குறையும்.

மாதக்கணக்கில் நின்ற வண்டி: கிளப்பும்போது டப், அப்புறம் கரகர, கீச்

நம் ஊர் வழக்கமே இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நின்ற வண்டியில் டிஸ்க்கின் திறந்த பகுதி ஒரு மாதிரியும், பேடுக்கு அடியில் இருக்கும் பகுதி வேறு மாதிரியும் துருப்பிடிக்கும். பேட் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அதன் அடியில் பேடின் வடிவத்திலேயே ஒரு தழும்பு விழும். சில வண்டிகளில் பேட் டிஸ்க்கோடு ஒட்டியே போயிருக்கும். முதல் கியர் போட்டு நகர்த்தும்போது டப் என்று விடுபடும். அதன்பின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் தழும்பு பேடுக்கு அடியில் வரும். கரக், கரக் என்று சக்கரத்தின் வேகத்துக்கு ஏற்பச் சத்தம் கேட்கும்.

செய்ய வேண்டியது: வண்டி இல்லாத நேரான ரோட்டில், பின்னால் யாரும் வராதபோது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து இருபதுக்கு நிதானமாக பிரேக் பிடித்து இறக்குங்கள். முழுக்க நிறுத்த வேண்டாம். அரை நிமிடம் ஓடவிட்டு மறுபடியும். இப்படி ஏழெட்டு முறை. பெரும்பாலும் இதிலேயே துரு கழன்றுவிடும். டிஸ்க் ஆறிய பிறகு விரல் நகத்தை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி இழுத்துப் பாருங்கள். நகம் வழவழவென்று போனால் சரி. பள்ளத்தில் நகம் தட்டினால், அல்லது பேட் வடிவத் தழும்பு கருப்பாக அப்படியே இருந்தால், பிரேக் பிடித்துத் தீராது. டிஸ்க்கைக் கழற்றி லேத்தில் முகம் எடுக்க (மேற்பரப்பைச் சீவிச் சமமாக்க) வேண்டும், இல்லை மாற்ற வேண்டும். முகம் எடுக்கும் முன் டிஸ்க்கின் நடுக்குழியிலோ விளிம்பிலோ பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனைப் படித்துவிடுங்கள். முகம் எடுத்த பிறகு அதற்குக் கீழே போகும் என்றால் டிஸ்க் பழைய இரும்புக்குத்தான். டிஸ்க் மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் அடிக்கடி நடக்கும் பேச்சு இது:

"வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணி அரை மணி நேரம் ஓடவிட்டுத்தானே வெக்கிறேன், அப்புறம் எப்படிண்ணே துருப்பிடிச்சுச்சு?"

"ஸ்டார்ட் பண்ணீங்க, சரி. வண்டிய நகர்த்துனீங்களா?"

நின்ற இடத்தில் இன்ஜின் ஓடினால் பேட்டரிக்குக் கொஞ்சம் உதவும்; பிரேக்குக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. டிஸ்க் சுற்ற வேண்டும், பேட் அதைப் பிடிக்க வேண்டும். ஓட்டத் தெரிந்தவரிடம் சாவியைக் கொடுத்து வாரம் ஒருமுறை குன்றக்குடி வரை போய்வரச் சொன்னால் போதும். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் ஹேண்ட்பிரேக் போடாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்துக்கானது. மாதக்கணக்கில் போட்டே வைத்தால் அங்கேயும் ஒட்டிக்கொள்ளும்.

பிரேக் மிதிக்காமலே கீச், ஓடும்போதெல்லாம்

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று அவசரம், ஒன்று சிரிப்பு.

அவசரமானது: பேட் தேய்ந்து முடியப்போகிறது. பல பேட்களின் ஓரத்தில் ஒரு சின்ன இரும்பு நாக்கு வைத்திருப்பார்கள். பேட் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கில் உரசிக் கத்தும். கத்துவதுதான் அதன் வேலை. பல வண்டிகளில் பிரேக் மிதித்தவுடன் இந்தச் சத்தம் நிற்கும் அல்லது மாறும். சிலவற்றில் மிதிக்கும்போதுதான் வரும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, டார்ச் அடித்து, சக்கரத்தின் இடைவெளி வழியே பாருங்கள். புது பேடின் தேயும் பகுதி பத்து மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கும். மூன்றுக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம். வெளிப் பேடை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். உள்பக்கப் பேட் அதைவிடச் சீக்கிரம் தீர்வது சகஜம். பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் இறங்கியிருந்தால் அதுவும் பேட் தேய்ந்ததற்கு ஓர் அடையாளம். உடனே ஆயிலை ஊற்றி நிரப்பிவிடாதீர்கள், புது பேட் போட்டால் மட்டம் தானே ஏறும்.

சிரிப்பானது: டிஸ்க்குக்குப் பின்னால் மெல்லிய தகரத் தட்டு ஒன்று இருக்கும். அதற்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு சரளைக்கல் மாட்டிக்கொண்டால் தகரத்தைத் தரையில் இழுப்பதுபோலப் பல் கூசச் சத்தம் வரும். கேட்பவர்கள் வண்டி முடிந்தது என்றே நினைப்பார்கள். நம் செம்மண் சரளைப் பாதையில், கண்மாய்க் கரை வழியாகப் போய்வந்த உடனே இந்தச் சத்தம் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். வண்டியைக் கொஞ்ச தூரம் பின்னால் எடுத்துப் பாருங்கள், பல முறை கல் தானாக விழுந்துவிடும். விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி, தட்டை ஸ்குரூடிரைவரால் சற்று நெம்பிக் கல்லை எடுத்துவிட்டு, டிஸ்க்கில் உரசாதபடி தட்டை வளைத்துவிட வேண்டும். ஒரு பைசா செலவில்லை.

மெதுவாக மிதித்தால் கீச், அழுத்தினால் நிற்கிறது

சிக்னலில் ஊர்ந்து நிற்கும்போது, வீட்டு வாசலில் திரும்பும்போது வரும் சத்தம் இது. அழுத்தி மிதித்தால் பேட் இறுகிப் பிடித்து அதிர்வு அடங்கிவிடும். லேசாகத் தொட்டால் ஆட இடம் கிடைக்கும், கத்தும். தினமும் ஓடும் வண்டிகளில் நான் அதிகம் பார்ப்பது இதுதான். இங்கே பேட் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால் புதிது வாங்கவே வேண்டாம். கழற்றி, சுத்தம் செய்து, சரியான இடத்தில் கிரீஸ் போட்டு மாட்டினாலே போதும்.

கையில் வேலை ஓடும் என்பவர்கள் வீட்டிலேயே செய்யலாம். பிரேக் என்பதால் சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

சமதரையில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். செம்மண் தரையில் ஜாக்கி புதையும். அடியில் அகலமான பலகை போட வேண்டும். பலகைக்காக ஷெட்டு மூலையில் கிடக்கும் பர்மா தேக்கை எடுத்துவிடாதீர்கள், ஆச்சியிடம் பதில் சொல்ல முடியாது. முகப்பில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் அதன்மேல் ஜாக்கி வேண்டவே வேண்டாம், கல் விரிசல் விட்டுவிடும். தூக்கியதும் ஸ்டாண்டு வைக்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பிக் கையையோ தலையையோ அடியில் விடக்கூடாது.

நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் காலிப்பரைப் பின்பக்கம் இரண்டு போல்ட் பிடித்திருக்கும். கீழ் போல்ட்டை மட்டும் கழற்றினால் பல வண்டிகளில் காலிப்பரை மேலே தூக்கித் திறக்கலாம். முழுக்கக் கழற்றுவதாக இருந்தால் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் சஸ்பென்ஷனில் கட்டிவையுங்கள். பேட்களை எடுக்கும்போது எது உள், எது வெளி என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இனி பார்வை. பேடின் முகம் கண்ணாடி போலப் பளபளத்தால் அது மெருகேறிவிட்டது என்று அர்த்தம். எண்பது அல்லது நூறு நம்பர் எமரித் தாளைச் சமமான பலகையில் விரித்து, பேடை அதன்மேல் எட்டு வடிவில் தேயுங்கள். பளபளப்பு போய் மங்கலாக ஆனால் போதும். முகமூடி போடுங்கள். அந்தத் தூளை வாயாலோ ஏர் அடித்தோ ஊதாதீர்கள். பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைப்பதே நல்லது. பேடின் முன்னும் பின்னும் உள்ள விளிம்புகள் கூர்மையாக இருந்தால் அரத்தால் சாய்வாக ராவிவிடுங்கள். கூர்விளிம்புதான் டிஸ்க்கைக் கவ்விக் கவ்வி விடுவது.

அடுத்து, வேலையின் உயிர்நாடி: பேடின் இரண்டு காதுகளும் (இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகள்) உட்காரும் இடம். அங்கே மெல்லிய எவர்சில்வர் கிளிப்புகள் இருக்கும். அவற்றைக் கழற்றிப் பாருங்கள். அடியில் துருவும் செம்புழுதியும் கலந்து கெட்டியாகப் பொருக்குத் தட்டியிருக்கும். அது கிளிப்பை மேலே தள்ளி, பேடை இறுக்கி, நகரவிடாமல் பிடித்துவைக்கும். கம்பி பிரஷ்ஷால் இரும்பு தெரியத் தேய்த்துவிடுங்கள். கிளிப் வளைந்து தளர்ந்திருந்தால் புதிது போடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. பேட் உட்கார்ந்த பிறகு விரலால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும். சுத்தியல் கேட்டால் இன்னும் சுத்தம் போதவில்லை.

பேடின் முதுகில் ஒட்டியிருக்கும் மெல்லிய தகடு ஷிம். அதிர்வை விழுங்குவது அதுதான். 'இது எதுக்கு, சும்மா' என்று பட்டறையில் கழற்றிப் போட்டிருந்தால் சத்தத்துக்கு வேறு காரணமே தேட வேண்டாம்.

பிறகு, காலிப்பர் எதன்மேல் நகர்கிறதோ அந்த இரண்டு பின்கள் (உருண்டையான இரும்புக் கம்பிகள்). ஒவ்வொன்றையும் பூட் எனப்படும் ரப்பர் உறையிலிருந்து இழுத்து, பழைய கிரீஸைத் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகப் பூசுங்கள். சக்கர பேரிங்குக்குப் போடும் கிரீஸ் இங்கே ஆகாது, ரப்பர் ஊதிப் பின்னைப் பிடித்துக்கொள்ளும். சில வண்டிகளில் இரண்டு பின்னும் ஒரே மாதிரி இருக்காது, இடம் மாற்றிவிடாதீர்கள். பூட் கிழிந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். கிழிசல் வழியே நம் ஊர்ப் புழுதி போனால் அடுத்த மழைக்குள் பின் இறுகிவிடும்.

பேடின் காதுகளிலும், ஷிம்மின் மீது பிஸ்டனும் (காலிப்பருக்குள் இருந்து பேடைத் தள்ளும் உருளை) காலிப்பரும் தொடும் இடத்திலும், அதிக சூடு தாங்கும் பிரேக் கிரீஸை நகத்தளவு தடவுங்கள். பேடின் முகத்திலோ டிஸ்க்கிலோ ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. டிஸ்க்கை பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். சத்தம் போகிறது என்று துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயை டிஸ்க்கில் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். சத்தம் நிச்சயம் போகும், பிரேக்கும் கூடவே போகும்.

மலை இறங்கி வந்ததிலிருந்து கீச்

செட்டிநாடு சமவெளி, பிரேக்குக்கு இங்கே பெரிய சோதனை இல்லை. கொடைக்கானல் போய்வந்தால் கதை வேறு. டாப் கியரிலேயே வண்டியை விட்டு, வத்தலக்குண்டு வரை பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் பேட் கருகி மெருகேறும். கருகல் வாசனையும் வந்திருக்கும். மேலே சொன்னபடி எமரித் தாளில் தேய்த்துப் பாருங்கள். பேட் வெடித்திருந்தாலோ, ஓரம் உதிர்ந்தாலோ, டிஸ்க்கில் நீலம் பாரித்திருந்தாலோ தேய்ப்பதில் பலன் இல்லை, மாற்றிவிடுங்கள். அடுத்த முறை இரண்டாவது கியரில் இறங்குங்கள்.

ஒரு பக்கம் மட்டும் கீச், வண்டி அந்தப் பக்கமே இழுக்கிறது

காலிப்பர் இறுகியிருக்கிறது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அதிகம் பிரேக் பிடிக்காமல் நிறுத்தி, இரண்டு முன் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோங்கள். தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதுதான் குற்றவாளி. கழற்றிப் பார்த்தால் ஒரு பேட் நிறையவும் மற்றது கொஞ்சமாகவும், அல்லது ஒரே பேட் சாய்வாகவும் தேய்ந்திருக்கும். காலிப்பர் நகரும் பின் இறுகியிருந்தால் சுத்தம் செய்து கிரீஸ் போட்டால் தீரும். பிஸ்டனே உள்ளே போக மறுத்தால் சீல் கிட் (பிஸ்டனுக்கான ரப்பர் வளையங்கள்) போட வேண்டும் அல்லது காலிப்பர் மாற்ற வேண்டும். அது பட்டறை வேலை.

பிஸ்டனைத் தள்ளும்போது ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, மட்டம் ஏறி வழியாமல் பாருங்கள். பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

நறநற என்று இரும்பில் இரும்பு உரசுகிறது

ஓட்டாதீர்கள். பேட் முழுக்கத் தீர்ந்து, அதன் முதுகுத் தகடே டிஸ்க்கை அறுக்கிறது. பிள்ளையார்பட்டி வரைதானே, மெதுவாகப் போய்விடலாம் என்ற பேச்சே கூடாது. மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

புது பேட் போட்ட பிறகும் கீச்

புது பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். நின்ற வண்டிக்குச் சொன்ன அதே முறைதான்: ஐம்பது, அறுபதிலிருந்து இருபதுக்கு, நடுவில் ஆறவிட்டு, எட்டுப் பத்து முறை. முடிந்ததும் பிரேக்கை அழுத்திக்கொண்டே நிற்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். அதற்குப் பிறகும் இருநூறு, முந்நூறு கிலோமீட்டருக்கு லேசாகச் சத்தம் இருக்கலாம். அப்புறமும் கத்தினால் பேடின் ரகத்தைக் கேளுங்கள். இரும்புத்தூள் அதிகம் கலந்த பேட் சூட்டைத் தாங்கும், ஆனால் கத்தும் சுபாவம் கொண்டது. காரைக்குடி வெயிலில் சமதரையில் குடும்பத்தோடு போகும் வண்டிக்கு அது தேவையில்லை. கம்பெனி பேடோ செராமிக் பேடோ அமைதியாக இருக்கும். பெட்டி இல்லாமல், பேர் இல்லாமல் பாதி விலைக்குக் கிடைக்கும் பேடை நான் வாங்குவதில்லை.

எந்த வேலை செய்திருந்தாலும் வண்டியை நகர்த்தும் முன் பிரேக் பெடலைப் பல முறை மிதித்து, கெட்டிப்படும்வரை பம்ப் செய்யுங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதி வெறுமனே தரைவரை போகும்; ஷெட்டிலிருந்து ரிவர்ஸ் எடுக்கும்போது இது தெரிந்தால் பின்னால் இருக்கும் தூணுக்கு ஆபத்து. வீல் நட்டுகளைக் குறுக்கு நெடுக்காக இறுக்கி, ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

பிரேக்கே இல்லாத சத்தம்

கீச்சாக இல்லாமல் ஊஊ என்று வேகத்தோடு கூடி, வளைவில் திரும்பும்போது ஏறி இறங்கினால் அது வீல் பேரிங். பிரேக்கைக் கழற்றிப் பார்ப்பது வீண். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தாலோ, கையால் சுற்றும்போது கரகரத்தாலோ பேரிங் மாற்றும் வேலைக்கு வண்டியைப் பட்டறையில் விடுங்கள்.